ஒளியை ஆளும் ஒளி

இருள் சூழ்ந்த ஓர் அறையில் இருவர் இரண்டு மூலைகளில் நின்று, தம் கைகளிலுள்ள மின்விளக்குகளை எதிர்ச் சுவர்களை நோக்கிப் பாய்ச்சுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஒளிக்கற்றைகளும் அறையின் நடுவே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. கடந்தபின் அவற்றிற்கு நேர்ந்தது யாது? ஒன்றும் நேரவில்லை. முதல் விளக்கின் ஒளி தன் வழியே சென்று தனக்குரிய சுவரில் வட்டமாக விழுகிறது. இரண்டாவது விளக்கின் ஒளியும் அவ்வாறே விழுகிறது. ஒன்றை அணைத்தாலும் மற்றதன் வட்டம் மங்குவதில்லை. இடம் பெயர்வதும் இல்லை. இரண்டு ஆறுகள் கூடினால் நீர் கலக்கிறது. இரண்டு காற்றுகள் மோதினால் சுழல் பிறக்கிறது. ஒளியோ ஒளியைத் தீண்டாமல் கடந்து செல்கிறது.

இவ்வியல்பு ஒரு வகையில் பெரும்பேறு ஆகும். வானத்து விண்மீன்களின் கதிர்கள் எத்தனையோ முறை ஒன்றையொன்று குறுக்கிட்டு வந்தும், நம் கண்ணை அடையும்போது ஒவ்வொரு மீனும் தனித்தனியே தெரிகிறதன்றோ? செய்தியைச் சுமந்து செல்லும் தூதனுக்கு இதனினும் சிறந்த குணம் வேண்டுவதில்லை. ஆனால் தூது செல்வது வேறு; தொழில் செய்வது வேறு. செய்தி போய்ச் சேரும் சந்திகளில் அதனைப் பிரிக்க வேண்டும். இன்ன செய்தி இன்ன வழியே செல்க என்று திருப்பிவிட வேண்டும். இரண்டு செய்திகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இத்தொழில்கள் யாவற்றிற்கும் அடிப்படை ஒன்றே. ஒன்று மற்றொன்றை ஆள வேண்டும். குறிப்பு வந்தால் கதவு திறக்க வேண்டும். வராவிட்டால் மூடியிருக்க வேண்டும். மின்சாரத்திற்கு இஃது எளிது. டிரான்சிஸ்டர் என்னும் சிறு கருவியில் ஒரு முனைக்கு வரும் சிறிய மின் குறிப்பு, மற்ற இரு முனைகளுக்கிடையே ஓடும் மின்னோட்டத்தைத் திறந்தும் மூடியும் ஆள்கிறது. ஒளியைத் தீண்டாத ஒளி, ஒளியை எங்ஙனம் ஆளும்? இவ்வினாவிற்கு விடை கிடைத்த வரலாறு சுவையானது. ஒரு கருவியின் குற்றம் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றே அவ்விடையாக அமைந்தது.

ஒளி எங்ஙனம் தூது செல்கிறது என்பதை முதலில் சுருக்கமாகக் காண்போம். தலைமயிர் அளவே பருமனுள்ள கண்ணாடி இழையின் ஒரு முனையில் ஒளியைச் செலுத்தினால், அது வெளியே சிதறாமல் உள்ளுக்குள்ளேயே சென்று மறு முனையில் வெளிப்படும். ஒளி ஒரு கணம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி என்று வைத்துக்கொண்டு, பேச்சு, எழுத்து, படம் ஆகிய அனைத்தையும் ஒன்றும் சுழியுமாக மாற்றி அனுப்பலாம். ஆயினும், பழைய கண்ணாடி இதற்கு உதவவில்லை. 1960களில் கிடைத்த நல்ல கண்ணாடியிற்கூட, ஏறத்தாழ 20 மீட்டர் செல்வதற்குள் ஒளி நூற்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. 1966ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹார்லோ நகரில் பணியாற்றிய சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் என்னும் இருவர், இக்குறை கண்ணாடியின் இயல்பன்று, அதிற்கலந்த மாசுகளின் விளைவே என்று எடுத்துக்காட்டினர். நான்கே ஆண்டுகளில், 1970இல், அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் ஒரு கிலோமீட்டர் சென்றபின்னும் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் ஒளி எஞ்சும் இழையைச் செய்து முடித்தனர். இன்றைய இழையில் ஒளி பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் செல்ல வேண்டும். அவ்வளவு தெளிந்த கண்ணாடி அது. காவ் 2009ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார்.

தெளிந்த கண்ணாடியாயினும் கடல் பெரிது. 15 கிலோமீட்டரில் பாதி என்றால், 100 கிலோமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. 200 கிலோமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு. ஆதலின் வழியில் ஆங்காங்கே ஒளிக்கு வலிமை ஊட்ட வேண்டியதாயிற்று. 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் அட்லாண்டிக் கடலடியில் இணைத்த முதற் கண்ணாடி இழைக் கம்பித்தொடரில் இதற்கென்றே கருவிகள் வரிசையாகக் கடலுக்குள் இறக்கப்பட்டன. ஒவ்வொரு கருவியும் வந்த ஒளியை மின்சாரமாக மாற்றும். அம்மின் குறிப்பைச் செப்பனிட்டுப் பெருக்கும். அதனைக் கொண்டு புதிய லேசர் விளக்கை இயக்கி மீண்டும் ஒளியாக்கி அனுப்பும். ஓலை கொண்டு ஓடும் அஞ்சல்காரன் ஒவ்வொருவனும், கைக்கு வந்த ஓலையைப் பிரித்துப் படித்து, புது ஓலையில் முழுவதும் எழுதி, அடுத்தவனிடம் கொடுப்பதைப் போன்றது இது. ஓலை ஒன்றாயின் இம்முறை தாங்கும். ஒரே இழையில் பல நிறங்களில், அதாவது பல அலைநீளங்களில், பல செய்திகளை அனுப்பத் தொடங்கியதும், ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனி எழுத்தன் வேண்டும் என்றாயிற்று. செய்தியின் வேகம் கூடக்கூட எழுத்தனின் கையும் விரைய வேண்டும்.

ஓலையைப் பிரிக்காமலேயே அதற்கு வலிமை ஊட்ட இயலாதா? இயலும் என்பதற்கு வேண்டிய விதையை 1917ஆம் ஆண்டிலேயே ஐன்ஸ்டைன் ஊன்றியிருந்தார். ஆற்றல் மிகுந்த நிலையில் நிற்கும் ஓர் அணுவின் அருகே, அதற்கு ஏற்ற அலைநீளமுள்ள ஒளி சென்றால், அவ்வணு தன் ஆற்றலை அதே நிறமும், அதே திசையும், அதே அலைப்போக்கும் உள்ள ஒளியாகவே ஈந்துவிடும். ஒன்றாக வந்த ஒளித்துகள் இரண்டாக வெளிச்செல்லும், இரண்டு நான்காகும். இதனைத் தூண்டு உமிழ்வு என்பர். லேசர் விளக்கின் உயிர்நிலை இதுவே.

குறைகடத்தி என்பது செம்பைப்போல் மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தாமலும், கண்ணாடியைப்போல் முற்றிலும் தடுக்காமலும் இடைநிலையில் நிற்கும் பொருள். 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராபர்ட் ஹால் என்பாரும், அவரையொட்டி வேறு சில குழுவினரும், குறைகடத்திப் படிகத்தில் மின்னோட்டத்தைச் செலுத்தி லேசர் ஒளியைப் பெற்றனர். அப்படிகத்தின் இரு முனைகளும் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பியனுப்பின. ஒளி உள்ளுக்குள்ளேயே முன்னும் பின்னும் சென்று பெருகிற்று. அம்முனைகளின் பளபளப்பைப் போக்கிவிட்டால் என்னாகும்? படிகம் தானாக லேசர் ஒளி வீசாது. ஆனால் வெளியிலிருந்து ஓர் ஒளி அதனுள் நுழைந்தால், ஒரே முறை கடந்து செல்லும்போதே அதனைப் பெருக்கி அனுப்பிவிடும். இதுவே குறைகடத்தி ஒளிப் பெருக்கி. ஒளி திரும்பாதிருக்கும் பொருட்டு முனைகளில் மெல்லிய பூச்சுப் பூசுவர். போதாதென்று ஒளி செல்லும் வழியையும் முனைக்குச் சற்றுச் சாய்வாக, ஏறத்தாழ 7 பாகை சாய்த்து அமைப்பர். இவ்வளவு எச்சரிக்கை எதற்கென்றால், ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி திரும்பினாலும் பெருக்கி தடுமாறத் தொடங்கும்.

இக்கருவி அளவிற் சிறியது. ஒரு மில்லிமீட்டரோ அதனினும் குறைவோதான் நீளம். ஒளி ஓடும் வழியின் அகலம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. இண்டியம், காலியம், ஆர்செனிக், பாஸ்பரஸ் ஆகிய நான்கு தனிமங்களைத் தக்க அளவிற் சேர்த்து, இண்டியம் பாஸ்பைடு என்னும் படிகத்தின்மேல் ஆடை ஆடையாக வளர்த்து இதனைச் செய்வர். ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு முதல் பாதி வரையுள்ள மின்னோட்டம் இதற்குப் போதும். எறும்பின் நீளமும் இல்லாத இத்துணுக்கு, தன்னுள் நுழையும் மெல்லிய ஒளியை நூறு மடங்கு, சிற்சில சமயம் ஆயிரம் மடங்குகூடப் பெருக்கிவிடும்.

இவ்வளவு நலங்கள் இருந்தும் நீண்ட தொலைவுக் கம்பித்தொடர்களில் இது வெற்றி பெறவில்லை. காரணத்தை உணர்வதற்கு ஒரு தெருவின் மேல்நிலை நீர்த்தொட்டியை நினைத்துக்கொள்ளலாம். குழாய் இயந்திரம் இடைவிடாமல் நீரை ஏற்றிக்கொண்டிருக்கிறது. வீடுகள் அனைத்தும் அத்தொட்டியிலிருந்தே நீர் பெறுகின்றன. ஒரு வீட்டார் பெரிய குழாயை முழுவதும் திறந்துவிட்டால், மற்ற வீடுகளின் குழாயில் நீர் நூலாகி விடுகிறதல்லவா? படிகத்திலும் அதுவே நிகழ்கிறது. மின்னோட்டம் எலெக்ட்ரான்களை உயர்ந்த ஆற்றல் நிலைக்கு ஏற்றி நிறுத்துகிறது. படிகத்தினுள் நுழையும் ஒவ்வோர் ஒளியும் அச்சேமிப்பிலிருந்தே ஆற்றலை வாங்கிப் பெருகுகிறது. வலிய ஒளித்துடிப்பு ஒன்று நுழைந்தால், அது சேமிப்பைப் பெரிதும் வற்றச் செய்துவிடும். அந்நேரத்தில் உடன் செல்லும் வேறு நிறத்து ஒளிக்குப் பெருக்கம் குறைந்துவிடும். ஒரு நிறத்தில் ஒன்று என்னும் குறிப்பு வந்தால் மற்ற நிறங்கள் மங்கும். சுழி வந்தால் மற்றவை ஒளிரும். ஒரு செய்தியின் நிழல் மற்றொரு செய்தியின்மேல் படிந்தால், தூது எங்ஙனம் நம்பத்தக்கதாகும்?

இதற்கு நேர்மாறான குணமுடைய பெருக்கி 1987ஆம் ஆண்டில் தோன்றியது. இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெயின் குழுவினரும், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் எமானுவேல் டெசுர்வீர் முதலியோரும், எர்பியம் என்னும் அருந்தனிமம் சிறிதளவு கலந்த கண்ணாடி இழையே ஒளியைப் பெருக்குவதைக் காட்டினர். எர்பியம் அணுக்கள் தம் ஆற்றலை ஏறத்தாழ ஒரு வினாடியின் நூற்றில் ஒரு பங்கு நேரம் தாங்கி நிற்கும். செய்தித் துடிப்புகளோ அந்நேரத்திற்குள் கோடிக்கணக்கில் ஓடிவிடும். ஆகவே எர்பியத் தொட்டியின் நீர்மட்டம் ஒவ்வொரு துடிப்பிற்கும் ஏறி இறங்குவதில்லை. சராசரி அளவிலேயே அசையாது நிற்கிறது. பல நிறங்களும் ஒன்றையொன்று அறியாமலே பெருகிச் செல்கின்றன. 1990களின் இடைப்பகுதி முதல் கடலடிக் கம்பித்தொடர்கள் எர்பியப் பெருக்கியையே நாடின. குறைகடத்திப் படிகத்திலோ எலெக்ட்ரான்களின் சேமிப்பு, ஒரு வினாடியை நூறு கோடி கூறாக்கினால் அதில் ஒரு கூறு நேரத்திற்குள்ளேயே மாறிவிடும். செய்தித் துடிப்புகளின் வேகமும் அதுவே. ஆதலால்தான் நிழல் படிந்தது.

இனிக் கதையின் திருப்பம் வருகிறது. தூதனுக்கு இழுக்காகிய இந்த நிழலை வேறொரு கண்ணால் நோக்கினர் சிலர். ஒரு நிறத்து ஒளி வந்தால் மற்றொரு நிறத்து ஒளி மங்குகிறது என்றால், முன்னது பின்னதை ஆள்கிறது என்பதுதானே பொருள்? காற்றில் ஒன்றையொன்று தீண்டாத இரண்டு ஒளிகள், இப்படிகத்திற்குள் எலெக்ட்ரான்களின் வாயிலாகத் தீண்டுகின்றன. டிரான்சிஸ்டரில் மின்சாரம் மின்சாரத்தை ஆள்வதைப்போல், இங்கே ஒளி ஒளியை ஆள்கிறது. பல ஆண்டுகள் எதனைத் தவிர்க்க முயன்றார்களோ அதனையே கருவியாக்கிக்கொள்ள முனைந்தனர்.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் இவ்வழியிற் செய்யப்பட்ட சோதனைகளில் முதன்மையானது நிறமாற்றம். செய்தியைத் தாங்கிய ஓர் ஒளியையும், செய்தி ஏதுமின்றி ஒரே அளவாக எரியும் வேறு நிறத்து ஒளியையும் படிகத்திற்குள் ஒருங்கே செலுத்தினர். முதல் ஒளி இருக்கும்போதெல்லாம் இரண்டாவது மங்கிற்று, இல்லாதபோதெல்லாம் பொலிவுற்றது. வெளியே வந்தபின் வடிகட்டி ஒன்றினால் இரண்டாவது நிறத்தை மட்டும் பிரித்தெடுத்தால், முதல் நிறத்தின் செய்தி முழுவதும் அதில் பதிந்திருந்தது. ஒன்று சுழியாகவும் சுழி ஒன்றாகவும் தலைகீழாகப் பதிந்திருந்தது என்பதுதான் வேறுபாடு. இதன் பயன் யாதெனில், ஒரு சந்தியில் இரண்டு இழைகளிலிருந்து ஒரே நிறத்தில் வரும் இரண்டு செய்திகள் ஒரே இழைக்குள் செல்ல வேண்டியிருந்தால் அவை மோதிக்கொள்ளும். ஒரே தண்டவாளத்தில் இரண்டு புகைவண்டிகளைச் செலுத்த இயலாது. அவற்றுள் ஒன்றை வேறு நிறத்திற்கு மாற்றிவிட்டால், அதனைப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டது போலாகும். வண்டியிலுள்ள சரக்கை இறக்க வேண்டுவதில்லை.

தலைகீழாகப் பதிவதும், இருளுக்கும் ஒளிக்கும் இடையே உள்ள வேறுபாடு குறைந்து போவதும் இம்முறையின் குறைகள். அவற்றை நீக்க மற்றொரு வழி கண்டனர். எலெக்ட்ரான் சேமிப்பு குறையும்போது பெருக்கம் மட்டும் மாறுவதில்லை. படிகத்தின் ஒளிவிலகல் எண்ணும் மாறுகிறது. அதனால் உள்ளே செல்லும் அலை சற்றே முந்துகிறது அல்லது பிந்துகிறது. ஓர் ஒளியை இரு கிளைகளாகப் பிரித்து, கிளைக்கு ஒரு பெருக்கி வைத்து, பின்னர் இரண்டையும் சேர்த்தால், அலைகளின் முகடும் முகடும் பொருந்துமிடத்து ஒளியும், முகடும் பள்ளமும் பொருந்துமிடத்து இருளும் விளையும். ஒரு கிளையில் மட்டும் செய்தித் துடிப்பைச் செலுத்தி அலையை அரை அலைநீளம் தள்ளிவிட்டால் இருள் ஒளியாகிறது. செய்தி தலைகீழாகாமல், மாசு நீங்கித் தெளிவாகவே பதிகிறது.

இதே அமைப்பில் இரு கிளைகளிலும் வேறு வேறு செய்திகளைச் செலுத்தினால் மேலும் ஒரு வியப்பு நிகழ்கிறது. இரண்டு கிளைகளிலும் ஒன்றே வந்தாலும், இரண்டிலும் சுழியே வந்தாலும் அலைகளுக்கிடையே மாற்றமில்லை; வெளியில் இருள். ஒன்றில் ஒன்றும் மற்றதில் சுழியுமாக வந்தால் வெளியில் ஒளி. இரண்டு எண்கள் ஒத்திருக்கின்றனவா, வேறுபடுகின்றனவா என்று ஒளியே சொல்லிவிடுகிறது! ஒரு செய்தியின் முகவரியைச் சந்தியின் முகவரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வேண்டிய அறிவு இதுதான்.

ஆயினும், பெரிய தடை ஒன்று எஞ்சி நின்றது. வலிய துடிப்பு வந்தவுடன் சேமிப்பு கணத்தில் வற்றிவிடுகிறது. மீண்டும் நிரம்புவதற்கோ காலம் பிடிக்கிறது. அக்காலம் நமக்குப் புலப்படாத அளவு சிறியது. ஆனால் ஒளிக்கு அது நெடுங்காலம். ஒரு வினாடியை இலட்சம் கோடி கூறாக்கினால் அதில் ஒரு கூறு பிக்கோ வினாடி எனப்படும். சேமிப்பு நிரம்புவதற்கு நூறு, இருநூறு பிக்கோ வினாடிகள் ஆகின்றன. துடிப்புகள் நான்கைந்து பிக்கோ வினாடிக்கு ஒன்றாக வந்தால், கதவு ஒரு முறை திறந்து மூடுவதற்குள் நாற்பது துடிப்புகள் ஓடிப்போய்விடும். மெதுவாக மூடும் கதவைக்கொண்டு விரைவாக ஓடும் ஒருவனை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி?

1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பால் பிரக்னல் குழுவினர் இதற்குக் கண்ட உபாயம், இத்துறையில் எழுந்தவற்றுள் மிக நேர்த்தியானது என்பது என் எண்ணம். அதனை ஒரு கோயிற் பிராகாரத்தில் வைத்துக் காண்போம்.

வாயிலில் இரு சிறுவர் நிற்கின்றனர். ஒருவன் வலமாகவும் மற்றவன் இடமாகவும் ஒரே வேகத்தில் ஓடிச் சுற்றிவந்து, அதே வாயிலில் ஒரே நேரத்தில் சந்திக்கின்றனர். வாயிலுக்கு நேர் எதிரே, பின்புறத்தின் நட்டநடுவே ஒரு விளக்கு இருந்தால், இருவரும் அதனை ஒரே கணத்திற் கடப்பர். விளக்கைச் சற்றே ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தால், ஒருவன் சிறிது முந்தியும் மற்றவன் சிறிது பிந்தியும் கடப்பான். அவர்களுக்கு ஒரு விதி உண்டு. இருவரும் விளக்கை ஒரே அளவு சுடருடன் கண்டிருந்தால் வந்த வழியே திரும்பிச் செல்ல வேண்டும். வேறு வேறு அளவிற் கண்டிருந்தால் பக்கத்து வாயில் வழியே வெளியேற வேண்டும். இத்தகைய இணைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. திடீரென்று சுடர் காற்றில் தாழ்ந்து, பின்னர் மெல்ல மெல்ல நிமிர்கிறது. தாழ்வதற்கு முன் கடந்த இணைகளில் இருவரும் முழுச் சுடரைக் கண்டனர். தாழ்ந்தபின் கடந்த இணைகளில் இருவரும் ஏறத்தாழ ஒரே அளவு மங்கிய சுடரைக் கண்டனர். சுடர் தாழ்வதற்கு முன் ஒருவனும், தாழ்ந்தபின் மற்றவனுமாகக் கடந்த அந்த ஓர் இணை மட்டுமே வேறுபாடு கண்டது. அதுமட்டுமே பக்கத்து வாயிலில் வெளிப்பட்டது.

பிராகாரம் என்றது கண்ணாடி இழையாலான ஒரு வளையம். சிறுவர் இருவரும் ஒரே ஒளித்துடிப்பின் இரு பாதிகள். விளக்கு, நடுவிலிருந்து சற்றே விலக்கி வைக்கப்பட்ட குறைகடத்தி ஒளிப் பெருக்கி. சுடரைத் தாழ்த்திய காற்று, ஆள வந்த மற்றோர் ஒளித்துடிப்பு. சேமிப்பு எவ்வளவு மெதுவாக நிரம்பினாலும் கவலையில்லை; கதவு திறந்திருக்கும் நேரத்தை இப்போது அறுதியிடுவது விளக்கு விலகி நிற்கும் தொலைவே. கண்ணாடியில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. அதாவது ஒரு பிக்கோ வினாடியில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. பெருக்கியை நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் ஒரு பாதி 5 பிக்கோ வினாடி முந்தும். மறு பாதி 5 பிக்கோ வினாடி பிந்தும். கதவு 10 பிக்கோ வினாடி மட்டும் திறந்திருக்கும். அடுத்த ஆண்டிலேயே, வினாடிக்கு 25,000 கோடி துடிப்புகள் ஓடும் வரிசையிலிருந்து வேண்டியவற்றை மட்டும் அவர்கள் பிரித்தெடுத்துக் காட்டினர். அக்கருவியின் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் தேரை என்று பொருள்படும் சொல் வருகிறது. கடுமையான ஆராய்ச்சியிலும் விளையாட்டுக்கு இடமுண்டு போலும்!

இரண்டு நிறங்களைப் படிகத்திற்குள் செலுத்தினால், இரண்டிற்கும் இல்லாத மூன்றாவது நிறம் ஒன்று பிறப்பதும் உண்டு. அதில் முன்னிருந்த செய்தி, கண்ணாடியிற் காணும் உருவம் இடவலம் மாறித் தோன்றுவதுபோல், அலைப்போக்கு மாறித் தோன்றும். நீண்ட இழையில் நலிந்த துடிப்புகளை நடுவழியில் இவ்வாறு மாற்றிவிட்டால், முதற் பாதியில் நேர்ந்த சில சிதைவுகளைப் பின்பாதி தானே சீர்செய்துவிடும்.

வேகத்தின் எல்லையும் நகர்ந்துகொண்டே சென்றது. நெதர்லாந்து நாட்டின் ஐந்தோவன் நகரப் பல்கலைக்கழகத்தார், படிகத்திலிருந்து வெளிவரும் ஒளியின் நிறம் ஒரு கணம் சற்றே பெயர்வதைக் கண்டு, அப்பெயர்ச்சியை மட்டும் பிடித்துக்கொள்ளுமாறு வடிகட்டியை ஓரமாக வைத்தனர். 2007ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, ஒரே ஒரு பெருக்கியைக்கொண்டு வினாடிக்கு 32,000 கோடி குறிப்புகள் உள்ள செய்தி பிழையின்றி நிறம் மாற்றப்பட்டது. மெதுவானது என்று பெயர் வாங்கிய படிகம் அது.

அப்படியானால் இன்றைய செய்தி வலைகளின் சந்திகளில் இக்கருவிகள் குடியேறிவிட்டனவா? இல்லை. இதனை மறைப்பதில் பயனில்லை. ஒளிக் கதவுகள் கிடைத்தன. ஒளியைச் சேமித்து வைக்கும் அறை கிடைக்கவில்லை. ஒரு சந்தியில் வழி தடைப்பட்டால் செய்தி சிறிது காத்திருக்க வேண்டும். மின்சாரச் சில்லில் அதனை எழுதி வைத்துக்கொண்டு வேண்டியபோது எடுக்கலாம். ஒளி நிற்காது. அதனை 5 மைக்ரோ வினாடி காக்க வைப்பதற்கே ஒரு கிலோமீட்டர் இழையைச் சுருட்டி, அதற்குள் ஓடவிட வேண்டும். ஒரு மில்லி வினாடிக்கு 200 கிலோமீட்டர். இது தவிர, ஒவ்வொரு பெருக்கியும் அழையாத ஒளியையும் சிறிது தானே உமிழ்கிறது. கதவுகள் பலவற்றை அடுக்கினால் அவ்விரைச்சலும் அடுக்கடுக்காய்க் கூடுகிறது. எர்பியப் பெருக்கி ஒன்று பல்நிறங்களை ஒருங்கே தாங்கும். ஒளிக் கதவோ பெரும்பாலும் நிறத்திற்கு ஒன்று வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, செய்தி எழுதும் முறையே மாறிவிட்டது. 2010ஆம் ஆண்டை ஒட்டி, ஒளி உண்டு, இல்லை என்று எழுதுவதை நெடுந்தொலைவுச் செய்தியாளர்கள் கைவிடத் தொடங்கினர். அலையின் அளவு, அலைப்போக்கு, அதிர்வுத் தளம் ஆகிய மூன்றிலும் பல படிகளாக எழுதி, பெறுமிடத்தில் விரைவான மின்சாரச் சில்லுகளைக் கொண்டு கணக்கிட்டுப் படிக்கின்றனர். திறந்து மூடும் கதவிற்கு இவ்வெழுத்து விளங்காது. மின்சாரத்தை விலக்க வேண்டும் என்று புறப்பட்ட முயற்சியை, மின்சாரமே முந்திச் சென்றுவிட்டது எனலாம். அம்முயற்சி வீண் என்று சொல்வார் கூற்றை நான் ஏற்கமாட்டேன்; ஒளி ஒளியை ஆளும் என்பதை அது சிறியதோர் இடத்தில் காட்டிற்று.

பெருக்கியும் வேலையின்றி இருக்கவில்லை. ஊருக்குள் 40 கிலோமீட்டர் தொலைவிற்கு வினாடிக்கு 10,000 கோடி குறிப்புகளை அனுப்பும் சிறு கருவிகளில், பெறும் முனையில் ஒளியை ஏந்தி வலிமையூட்டும் பணியை அது செய்கிறது. வீடுகளுக்குச் செல்லும் இழைகள் நீளும்போது அவற்றின் நடுவேயும் அதனை வைக்கலாம். இன்று லேசரும், கதவும், வடிகட்டியும் ஒரே சில்லின்மேல் அடுக்கப்படுகின்றன. அவற்றைக் கடக்கும்போது ஒளி தேய்கிறது. தேய்ந்ததை அங்கேயே ஈடுசெய்ய அச்சில்லுக்குள் எர்பிய இழையை மீட்டர் கணக்கிற் சுருட்டி வைக்க இயலாது. சில்லின் பெரும்பகுதி சிலிக்கனாக இருந்தாலோ, சிலிக்கனுக்கு ஒளியைப் பெருக்கும் ஆற்றல் இல்லை. அதனால் அதன்மேல் இண்டியம் பாஸ்பைடுத் துணுக்கு ஒன்றை ஒட்டி, மின்னோட்டம் செலுத்துகின்றனர்.